கடையில் கிடைப்பது, வீட்டில் போட்டது

போன இதழில் கையடக்க லினக்ஸ் கருவிகளைப் பற்றி எழுதும்போது, "புதிய பதிப்பு ஏற்றுவதற்கு முன் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன். அது பெரிய தப்பு என்று உங்கள் கடிதங்கள் சொல்கின்றன. எதை எடுப்பது, எப்படி எடுப்பது, எடுத்ததை எப்படித் திரும்ப வைப்பது என்று கேட்டு வந்தவற்றில் ஆறு கேள்விகள் இந்தப் பக்கத்தில்.

*நாகர்கோவில் வாசகர்: சார், என்னிடம் கிளாக்வொர்க்பை நிறுவனத்தின் யூகன்சோல் என்ற கையடக்க லினக்ஸ் கணினி இருக்கிறது. உள்ளே ராஸ்பெரி பை கம்ப்யூட் மாடியூல் 4. மெமரி கார்டிலிருந்து டெபியன் லினக்ஸின் 12-ஆம் பதிப்பு ஓடுகிறது. இப்போது 13-க்கு மாற ஆசை. ஆனால் இரண்டு வருடமாக ஒன்றொன்றாக நிறுவிய மென்பொருள்கள் ஏகப்பட்டது. எதையெல்லாம் போட்டேன் என்று எனக்கே நினைவில்லை. எல்லாவற்றையும் அப்படியே எடுத்து, அப்படியே திரும்ப வைக்க வழி உண்டா?*

அந்த "அப்படியே"தான் இடிக்கிறது.

எங்கள் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். மாதம் பிறந்தால் வாடிக்கைக்காரர் வீடுகளிலிருந்து சிட்டை வரும். துவரம்பருப்பு 2 கிலோ, மிளகு 100 கிராம் என்று வரிசையாக எழுதியிருக்கும். வீடு மாறி வேறு ஊர் போகிற குடும்பம் துவரம்பருப்பை மூட்டை கட்டிக்கொண்டு போகாது. அந்தச் சிட்டையைப் புது ஊர்க் கடையில் நீட்டினால் போதும். ஆனால் பாட்டி போட்ட மாவடு ஜாடியை மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். அது எந்தக் கடையிலும் கிடைக்காது. நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் துவரம்பருப்பு. நீங்கள் எழுதியது, சேர்த்தது, உங்கள் வசதிக்கு மாற்றி வைத்தது எல்லாம் மாவடு. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டப் பார்ப்பதில்தான் பாதி வம்பு வருகிறது. (பேக்கேஜ் என்பதை நான் பொட்டலம் என்றே எழுதுவேன். கடைக்காரர் பிள்ளை, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

சரி, பருப்பையும் மூட்டை கட்டினால் என்ன? புது ஊர் அடுப்பில் அது வேகாது. ஒரு மென்பொருள் தனியாக ஓடுவதில்லை. பத்து இருபது லைப்ரரிகளில் சாய்ந்துகொண்டுதான் ஓடுகிறது. பதிப்பு மாறும்போது அந்த லைப்ரரிகளும் மாறும். டெபியன் 13 இதற்கு நல்ல உதாரணம். 32 பிட் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19-ஆம் தேதி நிரம்பி வழிந்துவிடும் என்பதால், இந்தப் பதிப்பில் 64 பிட் நேரத்துக்கு மாறினார்கள். அதற்காக நூற்றுக்கணக்கான லைப்ரரிப் பொட்டலங்களின் பெயருக்குப் பின்னால் "டி64" என்று ஒரு வால் முளைத்தது. 12-லிருந்து எடுத்த பழைய பொட்டலம் வால் இல்லாத பெயரைத் தேடும்; 32 பிட் சிஸ்டத்தில் அந்தப் பெயர் கிடைக்காது.

இந்தப் பாடத்துக்கு நான் கட்டிய ஃபீஸ் பதினோரு மாதப் பெட்ரோல் கணக்கு. 2007-இல் மச்சினன் அமெரிக்காவிலிருந்து வரும்போது ஒரு நோக்கியா என்800 கொண்டுவந்து கொடுத்தான். அந்தக் காலத்து மேமோ லினக்ஸ் கருவி, போன் வசதி கிடையாது. அதன் ஓஎஸ்2007-ஐ மாற்றி ஓஎஸ்2008 ஏற்ற 2008 ஜனவரியில் உட்கார்ந்தேன். அப்போதெல்லாம் புதிய பதிப்பு என்றால் கணினியோடு கேபிளில் இணைத்து முழுசாக ஃபிளாஷ் செய்ய வேண்டும். கருவி தானே அப்டேட் ஆகிற வசதி 2008 நடுவில் வந்த டயாப்லோவோடுதான் ஆரம்பம். கருவியில் பேக்கப் ஆப் இருந்தது. அழுத்தினேன். கார்டில் ஒரு ஃபைல் விழுந்தது. நிம்மதியாக ஃபிளாஷ் செய்துவிட்டு ரீஸ்டோர் கொடுத்தேன்.

புக்மார்க்குகள் வந்தன. அமைப்புகள் வந்தன. மேமோ மேப்பர் என்ற வரைபட மென்பொருளின் பழைய பொட்டலத்தைக் கெட்டிக்காரத்தனமாகக் கார்டில் எடுத்து வைத்திருந்தேன். புதிய பதிப்பு அதைத் தொடவே மறுத்தது. புதிய பதிப்புக்கென்று கட்டியதைத்தான் இறக்க வேண்டியிருந்தது. இறக்கி வைத்திருந்த வரைபடங்கள் கார்டில் இருந்ததால் அவை மட்டும் பிழைத்தன. ஆனால் பெட்ரோல் கணக்குக்காக நானே பைத்தானில் எழுதிய குட்டி நிரலும் அதன் கணக்கு ஃபைலும் காணோம்.

பிறகு தோண்டிப் பார்த்தால் விஷயம் இதுதான். அந்த பேக்கப் ஆப், நம் சொந்த ஃபைல்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டர் முழுவதையும் எடுப்பதில்லை. ஒவ்வொரு மென்பொருளும், சிஸ்டத்தின் அமைப்புகள் இருக்கும் ஈடிசி ஃபோல்டருக்குள் ஒரு சின்ன ஃபைல் வைத்து, "என் சரக்கு இந்த இடத்தில் இருக்கிறது" என்று சொல்லி வைத்தால் மட்டும் எடுக்கும். என் நிரல் சொல்லவில்லை. எழுதியவன் நான்தானே, யாரைத் திட்ட?

இனி உங்கள் யூகன்சோலுக்கு வருவோம். முதலில், ஓடிக்கொண்டிருக்கும் கார்டிலேயே 12-ஐ 13 ஆக்கப் பார்க்காதீர்கள். பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் புதிதாக இமேஜ் எழுதச் சொல்லித்தான் ராஸ்பெரி பை தரப்பே பரிந்துரைக்கிறது. யூகன்சோலுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் திரைக்கான டிரைவர் அந்தக் கருவிக்கென்று திருத்திய கர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியில்தான் இருக்கிறது. அப்டேட்டில் பொதுவான கர்னல் வந்து உட்கார்ந்தால் கருவி ஓடும், திரை இருட்டாக இருக்கும். ஆகவே யூகன்சோலுக்கென்றே தயாரித்த 13 இமேஜை ஒரு புதுக் கார்டில் எழுதுங்கள். பழைய கார்டைக் கழற்றி, ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, பீரோவில் வையுங்கள். இதைவிட நல்ல பேக்கப் எனக்குத் தெரியாது. ஒரு கார்டின் விலைதான் செலவு.

கழற்றுவதற்கு முன் சிட்டை. "ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்" என்ற கட்டளை, துணைக்கு வந்து ஒட்டிக்கொண்டவற்றை விட்டுவிட்டு, கேட்டு வாங்கியவற்றை மட்டும் பட்டியல் போடும். அதை ஒரு ஃபைலில் சேமியுங்கள். திறந்து பார்த்தால் தலை சுற்றும், ஏனென்றால் இமேஜ் தயாரித்தவர் போட்டதும் அதில் "கேட்டு வாங்கியது" என்றே இருக்கும். இங்கேதான் பலர் மலைத்துப்போய், முழுப் பட்டியலையும் புதுக் கார்டில் கொட்டிக் குழப்பிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். புதுக் கார்டை முதல் முறை இயக்கியதும், எதையும் நிறுவுவதற்கு முன், அதே கட்டளையால் அங்கேயும் ஒரு பட்டியல் எடுங்கள். இரண்டையும் அகர வரிசைப்படுத்தி, "காம்" என்ற கட்டளையால் பழையதிலிருந்து புதியதைக் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் சிட்டை. என் கருவியில் 611 வரி இருந்தது. கழித்த பிறகு 43. அதிலும் "லிப்" என்று தொடங்கும் வரிகளையும் கர்னல் சம்பந்தப்பட்டதையும் அடித்தேன். லைப்ரரியை நாம் கேட்க வேண்டியதில்லை. மென்பொருளைக் கேட்டால் தனக்கு வேண்டிய லைப்ரரியை அதுவே புதுப் பெயரில் அழைத்துக்கொண்டு வரும்.

சிட்டையைக் கொடுக்கும்போது ஒரு எரிச்சல் வரும். சிட்டையில் ஒரே ஒரு பெயர் புதிய பதிப்பில் இல்லையென்றால், மற்ற எதையும் நிறுவாமல் டெபியனின் நிறுவும் கருவியான ஆப்ட் நின்றுவிடும். எங்கள் கடையில் அப்படிச் செய்திருந்தால் ஒரு வாடிக்கை தேறியிருக்காது. அதனால் பத்துப் பத்தாகக் கொடுங்கள். வெளிக் கடைகளிலிருந்து, அதாவது டெபியன் அல்லாத களஞ்சியங்களிலிருந்து, நிறுவியவை தனி. அவற்றின் முகவரி ஃபைல்களை அப்படியே நகல் எடுத்து ஒட்டாமல், அந்தந்த மென்பொருளின் 13-க்கான முகவரியைப் பார்த்துப் புதிதாகச் சேருங்கள். முன்பு சாவி சேர்க்கப் பயன்பட்ட "ஆப்ட்-கீ" 13-இல் கிடையாது. பழைய குறிப்பைப் பார்த்து அடித்தால் "அப்படி ஒரு கட்டளையே இல்லை" என்றுதான் பதில் வரும்.

பைத்தான் சமாச்சாரம் இருந்தால் கவனம். 12-இல் இருப்பது 3.11, 13-இல் 3.13. வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஃபோல்டரை நகல் எடுத்து வைத்தால் ஓடாது; அதற்குள்ளே 3.11-இன் வழிகள் எழுதப்பட்டிருக்கும். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று "பிப் ஃப்ரீஸ்" மூலம் பட்டியல் எடுத்து, புதிதாகக் கட்டுங்கள். இங்கேயும் சிட்டைதான்.

இனி மாவடு. ஹோம் ஃபோல்டரைச் சாதாரண பென் டிரைவில் இழுத்துப் போடாதீர்கள். அதிலுள்ள ஃபேட் அல்லது எக்ஸ்ஃபேட் அமைப்புக்கு, இந்த ஃபைல் யாருடையது, யார் படிக்கலாம் என்ற விவரமெல்லாம் தெரியாது. சிம்பாலிக் லிங்க்குகளும் தங்காது. திரும்ப வைத்த பிறகு எஸ்எஸ்ஹெச் சாவி வேலை செய்யாமல் போகும். "சாவி எல்லோரும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது" என்று அது அழிச்சாட்டியம் பண்ணும். "டார்" கொண்டு மொத்த ஃபோல்டரையும் ஒரே ஃபைலாகக் கட்டி, பிறகு பென் டிரைவில் வையுங்கள். ஃபேட்32 என்றால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். புள்ளியில் தொடங்கும் மறைவான ஃபோல்டர்களிலேதான் உங்கள் அமைப்புகள் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் திரும்ப வைக்கும்போது எல்லாவற்றையும் மொத்தமாகக் கவிழ்க்காமல், ஒவ்வொரு மென்பொருளின் ஃபோல்டராக வைத்துத் திறந்து பாருங்கள். டெஸ்க்டாப்பின் பழைய அமைப்பைப் புதியதன் தலையில் கட்டினால் பேனல் ஒரு பக்கம், மெனு ஒரு பக்கம் என்று ஆகலாம்.

ஹோமுக்கு வெளியே கிடப்பவற்றைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளைச் சொல்லும் கிரான்டாப் வரிகள் வேறு இடத்தில் இருக்கின்றன; "கிரான்டாப்"போடு "எல்" சேர்த்துப் பட்டியலை எடுங்கள். வைஃபை கடவுச்சொற்கள் ஈடிசிக்குள் நெட்வொர்க்மேனேஜரின் ஃபோல்டரில். கையால் போட்ட ஸ்கிரிப்டுகள் யூஎஸ்ஆர் லோக்கலில். யூகன்சோல் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் யூஎஸ்பியில் ஏதாவது ரேடியோ, சீரியல் போர்டு என்று செருகி விளையாடுகிறவர்கள். செருகியதை எப்படி நடத்துவது என்று அதற்காக எழுதிய யூடெவ் விதிகள் ஈடிசியில் இருக்கும். உங்கள் பெயரை "டயல்அவுட்" குழுவில் சேர்த்திருப்பீர்கள், அதுவும் புதுக் கார்டில் இல்லாமல் போகலாம். சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால் அரை நாள் கேபிளைச் சந்தேகப்படாதீர்கள்.

இவ்வளவும் ஈடிசியில் இருக்கிறது என்பதற்காக ஈடிசியையே முழுசாகத் தூக்கி வைத்துவிடாதீர்கள். அதற்குள் எஃப்எஸ்டேப் என்ற ஃபைல் இருக்கிறது. பழைய கார்டின் பார்ட்டிஷன் அடையாள எண் அதில் எழுதியிருக்கும். புதுக் கார்டில் அதை வைத்தால் கருவி இல்லாத கார்டைத் தேடிக்கொண்டு, எழுந்திருக்காமல் நிற்கும்.

*டொரண்டோ வாசகர்: வணக்கம் அண்ணா. ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை டெஸ்க்டாப் மோடில் போட்டுத் தமிழ் எழுதவும் பாவிக்கிறேன். பேக்மேன் என்ற நிறுவும் கட்டளை மூலம் ஐபஸ்-எம்17என் நிறுவித் தமிழ்99 விசைப்பலகை வைத்தேன். ஒவ்வொரு ஸ்டீம்ஓஎஸ் அப்டேட்டிலும் அது காணாமல் போகிறது. மூன்று முறை ஆயிற்று. அடுத்ததாக உள்ளே இருக்கும் 64 ஜிபியை எடுத்துவிட்டு 1 டிபி போடப் போகிறேன். அப்போது என்ன எல்லாம் போகும்?*

முதல் கேள்விக்கு: அது காணாமல் போகவில்லை தம்பி, நீங்கள் வேறு வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். டெக்கில் சிஸ்டம் பகுதி இரண்டு இருக்கிறது, ஒவ்வொன்றும் 5 ஜிபி. ஒன்றில் நீங்கள் இருக்கும்போது அப்டேட் மற்றதில் எழுதப்படும். மறு இயக்கத்தில் அங்கே குடி மாற்றிவிடும். அதனால்தான் சிஸ்டம் பகுதியைப் படிக்க மட்டும் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். பூட்டைத் திறந்து பேக்மேனில் போட்டது பழைய பக்கத்தில் நின்றுவிடுகிறது. ஹோம் மட்டும் இரண்டுக்கும் பொது. அதை அப்டேட் தொடாது.

ஆகவே எதையும் ஹோமுக்குள் நிற்கும்படி போடுங்கள். சிஸ்டத்தைத் தொடாமல் தனியே நிற்கும் ஃபிளாட்பேக் வகை மென்பொருள்கள் எல்லாம் ஹோம் பக்கம்தான் இருக்கின்றன. அவற்றின் கடையான ஃபிளாட்ஹப்பில் எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற தட்டச்சு மென்பொருள் இருக்கிறது. அதோடு எம்17என் துணையையும் சேர்த்து நிறுவினால் தமிழ்99 கிடைக்கும், அப்டேட்டையும் தாண்டும். டெக்கின் டெஸ்க்டாப்பான கேடிஈயின் விசைப்பலகை அமைப்பிலேயே இந்தியாவின் கீழ் தமிழ்நெட்99 என்று ஒன்று உண்டு. ஒன்றும் நிறுவ வேண்டாம், ஆனால் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குத் தானாகப் புள்ளி விழுகிற வசதி அதில் இல்லை. தமிழ்99 பழகிய விரல்களுக்கு அது பெரிய குறை. எழுத்துருக்களை உங்கள் ஹோமில் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டுக்கொள்ளுங்கள், அவை எங்கும் போகாது. ஃபிளாட்பேக்கில் கிடைக்காத கட்டளைக் கருவிகள் வேண்டும் என்றால் 3.5 பதிப்பிலிருந்து டிஸ்ட்ரோபாக்ஸ் கூடவே வருகிறது. அதற்குள் ஒரு முழு டெபியனையோ ஆர்ச்சையோ வைத்து, என்ன வேண்டுமானாலும் நிறுவலாம். அதுவும் ஹோமில்தான் குடியிருக்கும்.

64-ஐ எடுத்து 1 டிபி போடுவது வேறு கதை. அங்கே ஹோமும் சேர்ந்து போகும். புதியதில் ரெக்கவரி இமேஜிலிருந்து சுத்தமாக எழுதப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஸ்டீமில் வாங்கிய விளையாட்டுகளைப் பற்றிக் கவலை வேண்டாம், கடையில் கிடைப்பவை. ஃபிளாட்பேக் பட்டியலை "ஃபிளாட்பேக் லிஸ்ட்" மூலம் ஒரு ஃபைலில் எடுங்கள். ஆப்பின் அடையாளப் பெயர் வரும் நெடுவரிசை மட்டும் போதும். அவற்றின் தரவு ஹோமில் புள்ளி-வார் என்ற மறைவான ஃபோல்டருக்குள், ஆப் என்பதன் கீழே இருக்கிறது. அதை டார் கட்டுங்கள். விளையாட்டுச் சேமிப்புகளில்தான் ஏமாந்து போவீர்கள். எல்லா விளையாட்டுகளும் ஸ்டீம் கிளவுடில் சேமிப்பதில்லை. ஸ்டீம் கடையில் அந்த விளையாட்டின் பக்கத்தில் கிளவுட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லாதவற்றின் சேமிப்பு பெரும்பாலும் ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டரில் காம்பாட்டேட்டா என்பதற்குள், ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஓர் எண் போட்ட ஃபோல்டராக இருக்கும். அந்த எண் விளையாட்டின் கடைப் பக்க முகவரியிலேயே இருக்கிறது. காம்பாட்டேட்டா முழுவதும் கனமானது. வேண்டிய எண்களை மட்டும் எடுங்கள். பழைய 64 ஜிபியை உடனே விற்றுவிடாமல் ஒரு மாதம் கையில் வைத்திருங்கள்.

*திண்டுக்கல் வாசகி: எதற்கு இவ்வளவு பட்டியல்? மெமரி கார்டை முழுசாக ஒரு இமேஜ் எடுத்து வைத்துக்கொண்டால் போதாதா?*

திரும்பிப் போவதற்குப் போதும். முன்னே போவதற்கு உதவாது. கார்டின் இமேஜ் பழைய பதிப்பையும் சேர்த்தே திரும்பக் கொண்டுவரும். நீங்கள் விட்டு வரப் பார்ப்பதே அதைத்தானே. ஆனாலும் எடுத்து வையுங்கள், சொதப்பினால் அரை மணியில் பழைய நிலைக்குப் போகலாம். ஒரு நடைமுறைச் சிக்கல்: "64 ஜிபி" என்று எழுதியிருக்கும் இரண்டு கார்டுகள் ஒரே அளவில் இருக்கும் என்று நம்பாதீர்கள். வேறு வேறு தயாரிப்பில் சில மெகாபைட்டுகள் கூடக் குறைய இருக்கும். குறைந்ததில் இமேஜை எழுதினால் கடைசியில் இடம் போதாமல் நிற்கும். அடுத்த அளவுக் கார்டாக வாங்கிவிடுங்கள். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது அதே கார்டை இமேஜ் எடுக்காதீர்கள், கழற்றி வேறு கணினியில் செருகி எடுங்கள்.

*பெங்களூரு வாசகர்: பைன்போன் என்ற லினக்ஸ் போனில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பதிப்பு மாறுகிறது. ஒவ்வொரு முறையும் சிட்டை போட்டுக்கொண்டிருக்க முடியுமா?*

உங்களுக்கு யாரோ ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் ஆல்பைன் லினக்ஸின் மேல் கட்டியது. ஆல்பைனில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே ஈடிசிக்குள் ஏபிகே ஃபோல்டரில் இருக்கும் "வேர்ல்ட்" என்ற ஃபைல்தான். சாதாரண டெக்ஸ்ட். வரிக்கு ஒரு பெயர். நீங்கள் கேட்டு நிறுவியது மட்டும் அதில் ஏறும், நீக்கினால் இறங்கும். துணைப் பொட்டலம் ஒன்றுகூட அதில் இருக்காது. உலகமே ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

பதிப்பு மாற்ற அவர்களே ஒரு ஸ்கிரிப்ட் தருகிறார்கள். அதில் மாறினால் வேர்ல்ட் தானாகவே கூட வரும். புதிதாக இமேஜ் எழுதினால் மட்டும் கை வைக்க வேண்டும். பழைய வேர்ல்டைப் புதியதன் மேல் அப்படியே எழுதாதீர்கள். கருவிக்கான பொட்டலமும் திரை இடைமுகத்துக்கான பொட்டலமும் அதில் ஒரு வரியாக இருக்கும். ஃபாஷிலிருந்து பிளாஸ்மா மொபைலுக்கு மாறியவர் பழைய வேர்ல்டை வைத்தால் ஃபாஷும் வந்து பக்கத்தில் உட்காரும். இல்லாத வரிகளை மட்டும் சேர்த்துவிட்டு "ஏபிகே ஃபிக்ஸ்" கொடுங்கள். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

பைன்போனில் இன்னொரு சௌகரியம். கார்டு செருகியிருந்தால் முதலில் கார்டிலிருந்துதான் எழும். புதிய பதிப்பைக் கார்டில் எழுதி, இரண்டு நாள் அதில் ஓட்டிப் பாருங்கள். கால் வருகிறதா, எஸ்எம்எஸ் வருகிறதா, தூக்கத்திலிருந்து எழுகிறதா என்று பார்த்த பிறகு உள் நினைவகத்தில் கை வைக்கலாம். ஃபாஷ் வைத்திருந்தால் தொடர்புப் பட்டியல் ஹோமில் உள்ள மறைவான லோக்கல் ஃபோல்டருக்குள் எவல்யூஷன் என்ற பெயரில் இருக்கிறது. பெயர் விநோதமாக இருப்பதால் வேண்டாதது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

*சேலம் வாசகர்: ஆண்ட்ராய்டும் லினக்ஸ்தானே? இதெல்லாம் என் போனுக்கும் பொருந்துமா?*

கர்னல் லினக்ஸ்தான், ஆனால் அங்கே சாவி உங்கள் கையில் இல்லை. ஆப்களின் தரவு ஃபோல்டர்களை ரூட், அதாவது முழு அதிகாரம், இல்லாமல் தொட முடியாது. ரூட் பெற, போனை எழுப்பும் பூட்லோடரின் பூட்டைத் திறந்தால் பொதுவாகப் போன் மொத்தமும் அழிந்துவிடும். போனோடு வரும் பேக்கப்பையும், வாட்ஸ்ஆப் போன்றவற்றின் சொந்த பேக்கப்பையும் நம்பியிருக்க வேண்டியதுதான்.

*மதுரை வாசகர்: வீட்டை ஒழிக்கும்போது என் பழைய நோக்கியா என்900 கிடைத்தது. சார்ஜ் போட்டால் உயிர் வந்துவிட்டது! மென்பொருள் பதிப்பு பிஆர்1.2 இருக்கிறது. 1.3 ஏற்றலாமா? உள்ளே இருக்கும் பழைய மென்பொருள்கள் எனக்கு வேண்டும்.*

இந்தக் கடிதத்தைப் படித்ததும் என் என்800-ஐ எடுத்துத் துடைத்து வைத்தேன்.

பதில்: ஏற்றாதீர்கள். மேலே நாகர்கோவில்காரருக்கு நான் சொன்னது எல்லாம் உங்களிடம் தலைகீழ். என்900-இன் பேக்கப் ஆப் ஒரு விதத்தில் கெட்டிக்காரத்தனமானது. நிறுவிய மென்பொருள்களின் பட்டியலையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். ரீஸ்டோர் செய்ததும் அவற்றைத் திரும்ப நிறுவட்டுமா என்று கேட்கும். ஆனால் 1.3 வந்தது 2010 அக்டோபரில். நோக்கியா நடத்திய அந்தக் காலத்து சர்வர்கள் இப்போது இல்லை. சிட்டை கையில் இருக்கிறது, கடைதான் மூடிவிட்டது. ஆகவே உங்களுக்குத் துவரம்பருப்பும் மாவடுவுக்குச் சமம். மொத்தமாகக் கட்ட வேண்டும்.

அதற்கென்றே என்900 ரசிகர்கள் பேக்கப்மெனு என்ற மென்பொருளை எழுதினார்கள். கருவி எழும்போதே மெனு காட்டி, சிஸ்டம் பகுதியையும் ஓபிடி (/opt) பகுதியையும் தனித்தனி டார் ஃபைலாகக் கட்டிக் கொடுக்கும். இரண்டும் வேண்டும். சிஸ்டத்துக்கு 256 எம்பி மட்டுமே இருந்ததால், மென்பொருள்களின் உடம்பு 32 ஜிபி நினைவகத்தில் உள்ள ஓபிடி பகுதியில் இருக்கும். சிஸ்டம் பகுதியில் தலை மட்டும்தான். ஒன்றை மட்டும் எடுத்தால் பயன் இல்லை. பேக்கப்மெனு இல்லையென்றால், ரூட் டெர்மினலில் நீங்களே டார் கட்டலாம். பதிப்பு மாறாதவரை இதை "அப்படியே" திரும்ப வைக்கலாம், ஓடும்.

பிறகு ஒரு நாள் ஃபிளாஷ் செய்துதான் ஆக வேண்டும் என்று வந்தால், இரண்டு இமேஜ்கள் இருப்பதை மறக்காதீர்கள். ஒன்று சிஸ்டம் பகுதியை மட்டும் எழுதும். "வெனிலா" என்று பெயரில் வரும் மற்றொன்று 32 ஜிபி பகுதியைத் துடைத்துவிடும். பேக்கப் ஆப் எடுத்து வைத்த ஃபைல் அந்தப் பகுதியிலேயே இருந்தால்? அதுவும் சேர்ந்து போகும். பேக்கப் ஃபைலைக் கணினிக்கு நகல் எடுக்காமல் வெனிலா பக்கம் போகாதீர்கள். புதிதாக ஏதாவது ஓட்டிப் பார்க்கத்தான் ஆசை என்றால் மேமோவின் வழியில் ரசிகர்கள் உருவாக்கும் மேமோ லெஸ்டேயை மெமரி கார்டில் வைத்து முயலலாம், உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது.

கடைசியாக இரண்டு விஷயம். அந்தக் கருவியின் மைக்ரோ யூஎஸ்பி வாய் பலகையிலிருந்து பெயர்ந்து வருவதற்குப் பேர் போனது. கேபிளை நேராகச் செருகி நேராக இழுங்கள், செருகியபடி மேசையில் தள்ளிக்கொண்டு விளையாட வேண்டாம். பேட்டரி முழுக்க இறங்கிவிட்டால் கருவி எழாது, எழாமல் சரியாகச் சார்ஜும் ஏறாது. அதில் இருப்பது பிஎல்-5ஜே பேட்டரி. நோக்கியா 5230-க்கும் அதேதான். தெரிந்தவர் யாரிடமாவது பழைய 5230 இருந்தால் அதில் போட்டுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து இதில் மாட்டலாம். பேட்டரியை மேசைமேல் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் உப்பிவிட்டது என்று அர்த்தம், தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்குங்கள். பேட்டரிக் கடையில் 5230-க்கு என்று கேளுங்கள். என்900 என்று சொன்னால் கடைக்காரர் உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.